முப்பத்தெட்டு விதமாக ஒரு பெயர்

மில்பரோ, அமெரிக்கா
3 மே 2026

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று வருஷம் கழித்து எழுதுகிறேன். போனில் என்னை பிளாக் செய்திருக்கிறாய், அது நியாயம்தான். ஆபீஸ் மெயிலாவது மாறாமல் இருக்கும் என்று நம்பி இதை அனுப்புகிறேன். பாதியில் மூடிவிடாதே.

ஒரு செய்தி. நான் தேர்தலில் நிற்கிறேன். சிரிக்காதே. நிற்கிறேன் என்றுகூடச் சொல்ல முடியாது, ஏனென்றால் ஓட்டுச்சீட்டில் என் பெயர் கிடையாது.

இங்கே பெரிய தேர்தல் நவம்பரில். அதற்கு முன்னால், இந்த மே 19-ஆம் தேதி, பிரைமரி என்று ஒன்று. நவம்பரில் கட்சி சார்பாக யார் நிற்பது என்பதை அந்தக் கட்சியில் பதிந்துகொண்ட சாதாரண ஜனங்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். எங்கள் பள்ளத்தாக்கு எதிர்க்கட்சியான யானைச் சின்னத்தின் கோட்டை. எங்கள் கழுதைச் சின்னக் கட்சிக்கு இந்தச் சட்டசபைத் தொகுதியில் பத்து வருஷமாக ஆள் இல்லை. மாவட்டத் தலைவர் ஓய்வுபெற்ற வக்கீல். "அந்தப் பள்ளத்தாக்கு போனது போனதுதான், நகரத்துத் தொகுதிகளைப் பார்ப்போம்" என்கிறார். அதனால் சீட்டில் எங்கள் பக்கம் வெறும் கோடு. ஆனால் அந்தக் கோட்டின் மேல் யார் பெயரை வேண்டுமானாலும் கையால் எழுதலாம். முந்நூறு பேர் ஒரே பெயரை எழுதிவிட்டால், அந்த ஆள்தான் கட்சியின் வேட்பாளர்.

நான் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறேன். வீடு வீடாகப் போய் ஆக்சிஜன் மெஷின் பொருத்துகிறேன். பாதிப் பேர் பழைய நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள். எங்களுக்கு இருக்கும் ஒரே ஆஸ்பத்திரியை மூடப்போகிறார்கள். என் நோயாளி ஒருவர், டேனியல், மூக்கில் டியூபோடு சமையலறையில் உட்கார்ந்து, "கோடு சும்மாதானே கிடக்கிறது, உன் பெயரை எழுதினால் என்ன?" என்று கேட்டார். அப்படித்தான் தொடங்கியது.

நோட்டீஸில் 'டாம் செல்வன்' என்று போட்டிருக்கிறேன். எழுதச் சுலபம். உனக்குப் பிடிக்காத பெயர் என்று தெரியும். உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது, வேறு யாரும் நினைவுக்கு வரவில்லை.

உன் தம்பி,
செல்வன்


திருமுல்கேரி, செகந்திராபாத்
9 மே 2026

மிஸ்டர் டாம் செல்வன் அவர்களுக்கு,

தங்கள் மெயில் கிடைத்தது. பதில் போடுவதில்லை என்று ஆறு நாள் இருந்தேன். ஏழாவது நாள் என்னால் முடியவில்லை, அது என் பலவீனம்.

மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். அமெரிக்கக் குடிமகன் ஆனதும் பெயரை மாற்றிக்கொண்டு, அந்தச் சான்றிதழைப் போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டாய். அப்பா அப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார். கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் படித்தார். "டாம் யாரும்மா?" என்று கேட்டார். நான் என்ன சொல்வது? நாலாம் நாள் போய்விட்டார். டாமுக்கு விசா வர ஒன்பது நாள் ஆயிற்று, பழைய பெயரும் புதிய பெயரும் பொருந்தவில்லையாம். ஒன்பது நாள் யார் காத்திருப்பார்கள்? நான்தான் கொள்ளி வைத்தேன். அன்றைக்கே சொன்னேன், டாம் என்று எனக்குத் தம்பி இல்லை.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நான் நாலு தேர்தலில் போலிங் ஆபீசராக வேலை பார்த்தவள், கை சும்மா இருக்கவில்லை. நிஜமாகவே அங்கே ஜனங்கள் பெயரை எழுதலாமா? இங்கே பஞ்சாயத்துத் தேர்தலில் சீட்டு எண்ணும்போது, ஓட்டுப் போட்டவர் ஒரு பெயரையோ கையெழுத்தையோ கிறுக்கியிருந்தால் செல்லாது என்று தள்ளிவிடுவோம். அப்புறம், வேட்பாளரைத் தீர்மானிப்பது கட்சி மேலிடம் இல்லையா? இங்கே கட்சி தன் வேட்பாளருக்குக் கொடுக்கும் பி-ஃபாரம் யாருக்கு என்று மனுத்தாக்கலின் கடைசி நாள் மத்தியானம் வரை நிற்பவனுக்கே தெரியாது. மாலை போட்டுக்கொண்டு ஊர்வலம் வருபவன் ஒருத்தன், பாரத்தை வாங்கிக்கொண்டு ஓடுபவன் இன்னொருத்தன். அங்கே ரோட்டில் போகிறவர் பேனாவை எடுத்து எழுதினால் அதுதான் பி-ஃபாரமா? நம்ப முடியவில்லை.

இதற்கு மட்டும் பதில் போடுங்கள். வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

ராஜேஸ்வரி


மில்பரோ
23 மே 2026

அன்புள்ள அக்கா,

ஆமாம், அதுதான் பி-ஃபாரம். நானே இப்போதுதான் கண்ணால் பார்த்தேன்.

கோட்டில் எழுதிய பெயர்களை எண்ணுவதை யாரும் போய்ப் பார்க்கலாம் என்றார்கள். மூன்று நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். ஒரு நீண்ட மேஜை. ஒரு பெண்மணி சீட்டை எடுத்துப் படிப்பார், பக்கத்தில் இருப்பவர் எழுதிக்கொள்வார். அவ்வளவுதான். கிழவர்களின் நடுங்குகிற கையெழுத்து, கோட்டை விட்டு வெளியே ஏறிப்போன கையெழுத்து, பேனா பாதியில் மை தீர்ந்து மறுபடி அழுத்தி எழுதியது. கூட்டிப் பெருக்குகிறவர் கையெழுத்துக்கும் டாக்டர் கையெழுத்துக்கும் ஒரே மரியாதை. சிலர் தங்கள் நாயின் பெயரை எழுதியிருந்தார்கள். அதையும் சிரிக்காமல் குறித்துக்கொண்டார்கள். என்னையறியாமல் கையைக் கூப்பிவிட்டேன் அக்கா. கோயிலில்கூட எனக்கு அப்படி ஆனதில்லை.

எதிர்க்கட்சிப் பிரைமரியிலும் ஓர் அதிசயம். பதினெட்டு வருஷம் இந்தத் தொகுதியில் அசையாமல் இருந்தவரைப் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் ஒரு பெண்மணி நூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் தோற்கடித்துவிட்டார். அந்த அம்மாள் பேசியதும் ஆஸ்பத்திரியைப் பற்றித்தான். டிவியில் பெரிய மனிதர்கள் இரண்டு கட்சியும் இனி எந்தப் பக்கம் திரும்பும் என்று வரைபடம் போட்டு அடித்துக்கொள்கிறார்கள். இங்கே அது ஏற்கெனவே திரும்பிக்கொண்டிருக்கிறது, சத்தமே இல்லாமல்.

இனி நீ எழுத வேண்டாம் என்று சொன்னதை எழுத வேண்டியிருக்கிறது. மன்னித்துவிடு.

டாம் செல்வன் என்று எழுதியவர்கள் 247 பேர். முந்நூறு வரவில்லை. ஆனால் இன்னும் 71 சீட்டு இருக்கிறது. டேனியல் எனக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்திருக்கிறார். அப்பாவின் கருமாதிப் பத்திரிகையை நீ தபாலில் அனுப்பினாயே, அது என் காரிலேயே இருந்தது. அதில் இங்கிலீஷில் அச்சாகியிருந்த தமிழ்ச்செல்வன் என்ற என் முழுப் பெயரைப் பார்த்துவிட்டு, "இவனுக்கு அப்பா வைத்த பெயர் இதுதான், இதை எழுதுங்கள்" என்று அட்டையில் எழுதி ஓட்டுச்சாவடிக்கு வெளியே சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஜனங்கள் அதைப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு உள்ளே போய் எழுதியிருக்கிறார்கள். 71 பேர், முப்பத்தெட்டு விதமாக. இந்த ஊர்ச் சட்டப்படி ஒவ்வோர் எழுத்துக்கூட்டலும் தனித்தனி மனிதன். கோர்ட்டில் மனுப் போட்டு, எல்லாம் ஒரே ஆள் என்று நிரூபித்தால்தான் சேர்ப்பார்கள்.

என்னுடைய எந்தக் காகிதத்திலும் 'தமிழ்' இல்லை. ஸ்கூல் சர்டிபிகேட், பழைய பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் 'டி. செல்வன்'. அந்த டி-க்கு டாம் என்று நானே எழுதிக்கொடுத்தும் விட்டேன். முழுப் பெயர் இருப்பது அப்பாவின் ரயில்வே மெடிக்கல் கார்டில் மட்டும்தான். அது உன் பெட்டியில் இருக்கிறது. அந்தக் கார்டின் நகலும், டாம் செல்வனும் தமிழ்ச்செல்வனும் ஒருவரே என்று உன் பிரமாணப் பத்திரமும் வேண்டும். இருபத்தேழாம் தேதி கடைசி நாள்.

செல்வன்


திருமுல்கேரி
24 மே 2026

செல்வா,

முடியாது.

அந்த டி எப்படி வந்தது என்று உனக்குத் தெரியாது, நீ ஐந்து வயசுப் பையன். ஸ்கூலில் சேர்க்கும்போது பெயர் எழுதிய டீச்சர் தெலுங்குக்காரர். அவர்கள் பக்கம் வீட்டுப் பெயர் முன்னால் வரும், அதைச் சுருக்கி ஓர் எழுத்தாகப் போடுவார்கள். 'தமிழ்' என்பது நம் வீட்டுப் பெயர் போலிருக்கிறது என்று நினைத்து, நல்ல மனசோடு டி ஆக்கிவிட்டார். அப்பா ஒர்க்ஷாப்பில் அரைநாள் லீவு போட்டுவிட்டு மூன்று முறை போய் நின்றார். "நக்கோ, வேண்டாம் ஆறுமுகம், ரெஜிஸ்டர்ல ஏறிட்டா ஏறினதுதான்" என்று அனுப்பிவிட்டார்கள். போகட்டும், வீட்டிலாவது முழுசாகக் கூப்பிடுவோம் என்று சாகிறவரை ஒரு நாளும் சுருக்கிக் கூப்பிடவில்லை. நான் செல்வா என்பேன், அவர் என்னை முறைப்பார்.

அப்படிப்பட்டவர் மிச்சம் வைத்த ஓர் எழுத்துக்கு நீ டாம் என்று பொருள் எழுதினாய். இப்போது அதற்கு நான் சத்தியம் செய்ய வேண்டும். வேறு எது வேண்டுமானாலும் கேள்.

ராஜி


மில்பரோ
24 மே 2026, சாயங்காலம்

அன்புள்ள அக்கா,

சரி. கேட்டிருக்கக் கூடாது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், சாக்காக அல்ல. இந்த ஊருக்கு வந்த முதல் வருஷம், ஒரு கிழவிக்கு மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. மெஷினைப் பொருத்திக்கொண்டிருக்கும்போது என் அடையாள அட்டையைப் பார்த்து, "டி என்றால் என்ன?" என்று கேட்டாள். என் பெயரைச் சொன்னேன். திருப்பிச் சொல்ல முயற்சி செய்தாள். அதற்கே அவளுக்கு மூச்சு போதவில்லை. நான் பயந்துபோய், "டாம், சும்மா டாம்" என்றேன். "டாம்" என்றாள். மூச்சு விட்டாள். அன்றிலிருந்து அப்படியே இருந்துவிட்டது. நோயாளிக்குச் சொன்னதைப் பத்திரத்திலும் எழுதியது என் தப்பு. அப்பா கட்டிலில் இருக்கும்போது அதைப் போட்டோ எடுத்துப் போட்டது அதைவிடப் பெரிய தப்பு. கொள்ளி வைக்க வராதது இந்தத் தப்புகளின் கணக்கிலேயே அடங்காது.

கோர்ட்டுக்குப் போகவில்லை என்று டேனியலிடம் சொல்லிவிட்டேன்.

அந்த 71 சீட்டின் நகலைக் கொடுத்தார்கள். எல்லாம் அவரவர் கையெழுத்திலேயே இருக்கிறது. இதோடு அனுப்புகிறேன். அப்பா பெயர் வைத்ததற்கு ஒரு கணக்கு இருக்கட்டும். உன்னைத் தவிர இதைப் பார்க்க உரிமை உள்ளவர் யாரும் இல்லை.

செல்வன்


திருமுல்கேரி
26 மே 2026

செல்வா,

இதோடு இரண்டு காகிதம் இணைத்திருக்கிறேன். முதலில் அதைக் கோர்ட் மனுவோடு சேர்த்துக் கொடு. பிறகு படி.

நீ அனுப்பியதை ஆபீசில் பிரிண்ட் எடுத்து வந்து சாப்பாட்டு மேஜையில் பரப்பினேன். சுப்ரியாவைக் கூப்பிட்டேன். உன் மருமகளுக்கு இப்போது பத்தொன்பது வயசு, தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லுவாள், கோபம் வந்தால் ஹிந்தி. இரண்டு பேரும் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தோம். தாமில் செல்வின். டாமிசு செல்லன். தாமஸ் ஹெல்வன். தாமி சில்வர்மேன். "மம்மி, சில்வர்மேன் அண்டா!" என்று தெலுங்கில் சொல்லி, சில்வர்மேனாம் என்று விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன், சிரித்து ரொம்ப நாள் ஆயிற்று. ஐந்து பேர் வெறுமே 'ஆக்சிஜன்காரர்' என்று எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்ததும் இவள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

முப்பதாவதோ முப்பத்தொன்றாவதோ சீட்டு. பென்சில் மாதிரி மெல்லிய எழுத்து. தமிழ் என்பதற்கு டி, ஏ, எம், ஐ, அப்புறம் இசட், அதற்குப் பக்கத்திலேயே எல். இசட்டும் எல்லும் ஒட்டி. நான் எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்தேன்.

அப்பா அந்தக் கார்டில் உன் பெயரை எழுதும்போது, கடைசி எழுத்துக்கு இங்கிலீஷில் எல் போடுவதா, இசட் போடுவதா என்று அம்மாவிடம் கேட்டாராம். அம்மாவுக்கு என்ன தெரியும்? எதற்கு வம்பு என்று இரண்டையும் போட்டிருக்கிறார். இத்தனை வருஷம் அதை நான் கவனித்ததே இல்லை. கார்டை அந்தச் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஓர் எழுத்து மாறவில்லை. டேனியலின் அட்டையில் இசட்டும் ஹெச்சும்தான் இருந்திருக்கும், பத்திரிகையில் அப்படித்தான் அச்சடித்தோம். யாரோ ஒருவர், தமிழ் என்றால் என்ன என்றே தெரியாதவர், மறந்துபோய், யோசித்து, தடுமாறி, கடைசியில் அப்பா தடுமாறிய இடத்திலேயே போய் நின்றிருக்கிறார். சுப்ரியா பயந்துபோய், "கைக்கு ரோத்தே மம்மி?" என்று ஹிந்தியில் கேட்டாள், ஏன் அழுகிறாய் என்று. நான் அழுவது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

இன்று காலையில் செகந்திராபாத் கோர்ட் வாசலுக்குப் போனேன். அங்கே டைப் அடிக்கும் தியாகு நம் ஆள்தான், அவருடைய அப்பாவும் ரயில்வே. ஒருவரே என்கிற பத்திரம் தினமும் பத்து அடிப்பாராம். இங்கே யாருக்குத்தான் இரண்டு பெயர் இல்லை? "கைக்கு மேடம், டாம்னா கிறிஸ்டியன் பேரு, இது நம்ம பேரு. மதம் மாறிட்டாரா?" என்றார். "இல்லப்பா, சுருக்கிட்டான்" என்றேன். "ஹவ், சரி, அப்ப ஒண்ணும் பிரச்சனை இல்ல" என்று அடித்துக் கொடுத்தார்.

நோட்டரி என்னைப் படிக்கச் சொன்னார். 'மேற்படி டாம் செல்வன் என்பவரும் தமிழ்ச்செல்வன் என்பவரும் இருவரல்ல, ஒருவரே என்றும், அவர் என் உடன்பிறந்த தம்பி என்றும்' என்பது வரை படித்தேன். அங்கேயே நின்று அந்த வரியை மறுபடி ஒரு முறை படித்தேன். "உண்மைதானே அம்மா?" என்று கேட்டார். உண்மைதான் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

ராஜி


மில்பரோ
30 மே 2026

அன்புள்ள அக்கா,

நேற்றுக் கோர்ட். நீதிபதி அம்மாள் சின்ன உருவம், கண்ணாடி மூக்கு நுனியில். உன் பத்திரத்தையும் மெடிக்கல் கார்டையும் நிமிர்த்திப் பிடித்துப் பார்த்தார். கார்டில் ஒட்டியிருக்கிற, நாம் நாலு பேரும் இருக்கும் போட்டோவையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முப்பத்தெட்டு எழுத்துக்கூட்டலையும் ஒவ்வொன்றாகப் படித்தார். சட்டப்படி படிக்க வேண்டுமாம். கோர்ட்டில் இருபது பேர் இருந்திருப்பார்கள், ஒருவரும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு மனிதர் உள்ளே வந்து உட்காருவது போலிருந்தது. டேனியல் சிலிண்டரை இழுத்துக்கொண்டு வந்திருந்தார். தவறாகப் படிக்கும் இடத்தில் உதட்டை அசைத்துத் திருத்தினார்.

ஆக்சிஜன்காரர் ஐந்தையும் தள்ளிவிட்டார். "இவர் யார் என்று எனக்குத் தெரிகிறது, சட்டத்துக்குத் தெரியாது" என்றார். மீதி 66 சீட்டும் சேர்ந்தது. மொத்தம் 313. நான்தான் வேட்பாளர்.

சாயங்காலம் மாவட்டத் தலைவர் போன் செய்தார். அந்த வக்கீல்தான். மாநிலம் முழுக்க இன்னும் ஆறு தொகுதியில் வெறும் கோட்டில் ஜனங்கள் ஆளை எழுதி அனுப்பியிருக்கிறார்களாம். "முப்பது வருஷமாகக் கட்சி எந்தத் திசையில் போக வேண்டும் என்று நாங்கள் மேலே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம், கேட்டிருக்க வேண்டியது வேறு இடத்தில்" என்றார். அவர் குரலில் வருத்தம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. நவம்பரில் நான் தோற்றுத்தான் போவேன், அந்த பஸ் டிரைவர் அம்மாள் பலசாலி. ஆனால் எங்கள் இருவரில் யார் வந்தாலும் ஆஸ்பத்திரிக்காகத்தான் பேச வேண்டும். அந்த மட்டில் இரண்டு கட்சியும் மாறிவிட்டது.

ஒரு பாரம் கொடுத்திருக்கிறார்கள். நவம்பர் ஓட்டுச்சீட்டில் பெயர் எப்படி அச்சாக வேண்டும் என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். முழுப் பெயரையும் போடலாம் என்று இருக்கிறேன், அப்பா எழுதிய மாதிரியே, இசட்டும் எல்லுமாக. நீ சொல்.

செல்வன்


திருமுல்கேரி
1 ஜூன் 2026

செல்வா,

313 என்று படித்ததும் சுப்ரியா கத்தியதில் பக்கத்து வீட்டு நஸ்ரின் அக்கா என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டார். அவருக்கு விஷயத்தைச் சொன்னேன். "பேனா பிடிச்சு எழுதினாங்களா? அல்லாவே!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். நானும் இன்னும் அந்த மலைப்பிலேயே இருக்கிறேன். எத்தனையோ பெட்டிக்கு சீல் வைத்திருக்கிறேன், ஓட்டு என்றால் இவ்வளவு என்று எனக்குத் தெரியாது.

பாரத்துக்கு வருகிறேன். நாலு தேர்தல் பார்த்தவள் சொல்கிறேன், கேட்டுக்கொள். ஓட்டுச்சீட்டில் ஜனங்கள் குழம்பக் கூடாது. 247 பேர் தேடப்போவது டாம் செல்வனைத்தான். அவர்களுக்கு மூச்சு முட்டாத பெயரைப் போடு. என் மனசுக்காக அவர்களைத் தடுமாற வைக்காதே. கோபமாகச் சொல்லவில்லை. சத்தியம் செய்த பிறகு இரண்டும் எனக்கு ஒன்றுதான், நோட்டரி முத்திரையே இருக்கிறது.

அப்பாவுக்கு அந்த நாலு நாளில் நான் பதில் சொல்லவில்லை. நேற்று அவர் போட்டோவுக்கு முன்னால் நின்று, நம்ம தமிழ்ச்செல்வன்தாம்பா டாம் என்று சொன்னேன். மூன்று வருஷம் தாமதம், இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

நவம்பரில் ஜெயித்தாலும் தோற்றாலும் டிசம்பரில் வா. விசாவில் எந்தப் பெயர் இருக்கிறதோ அந்தப் பெயரில் வா. வந்து கதவைத் தட்டினால் யாரு என்று கேட்பேன், அது பழக்கம். நீ என்ன பெயர் சொன்னாலும் திறப்பேன்.

அக்கா